மூணு பேஸும் வந்துடுச்சா? பார்வை, செவித்திறன் குறையுள்ளவர்களோடு முன்மாதிரி வைத்து ஆராயும் முறை

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பவர்கள் முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மெழுகில் இல்லாதது வார்ப்பில் வராது என்பதால் மெழுகுருவம் முழுசாக இருந்தாக வேண்டும்.

வடிவமைப்பு ஆராய்ச்சியில் வரும் முன்மாதிரிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. புரோட்டோடைப் என்று ஆங்கிலம் கலந்து சொல்லப்படும் இந்தச் சாமான் ஓர் அட்டைப்பெட்டியாக இருக்கலாம், களிமண் உருண்டையாக இருக்கலாம், போனில் பதிந்த நாலு விநாடிக் குரலாகவும் இருக்கலாம். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வாங்கித் தந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. பொருளைச் செய்து முடித்துவிட்டு "நல்லா இருக்கா?" என்று கேட்பது வேறு வேலை. எதைச் செய்யலாம் என்றே இன்னும் முடிவாகாத கட்டத்தில், பயன்படுத்தப் போகிறவர் கையில் அரைகுறையாக ஒன்றைக் கொடுத்து, அவர் அதை என்ன செய்கிறார் என்று பார்ப்பதுதான் இங்கே பேசும் ஆராய்ச்சி.

கண்ணும் காதும் சரியாக உள்ளவர்களோடு இந்த வேலை சுலபம். ஒரு தாளில் கட்டம் போட்டு "இது பொத்தான்னு வச்சுக்குங்க" என்றால் போதும், மீதியைக் கண் நிரப்பிக்கொள்ளும். பார்வையற்றவரின் விரலுக்கு அந்தத் தாள் வெறும் தாள். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பெட்டியின் ஓரத்தில் காய்ந்துபோன பசைக்கட்டி ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் கண் அதைப் பொருட்படுத்தாது, விரலோ அதைத்தான் முதல் பொத்தான் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே அடிப்படை விதி ஒன்றுதான்: எந்தப் புலனை நம்பி அந்தப் பொருளைப் பயன்படுத்தப் போகிறார்களோ, அந்தப் புலனுக்கு முன்மாதிரி பொய் சொல்லக் கூடாது. மற்றப் புலன்களுக்கு எவ்வளவு மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. பெட்டிக்கு வண்ணம் பூசுவதில் ஒரு மணி நேரம் போனால் அது வீண். ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஒரு மணி நேரம் போனால் அது ஆராய்ச்சிக்கு உரிய செலவு.

யாரோடு ஆராய்கிறோம்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அளவுகளைச் சொல்கிறது. இரு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். நல்ல கண்ணில் பார்வை 6/18-க்குக் (சாதாரணக் கண் 18 மீட்டரில் பார்ப்பதை 6 மீட்டரில்தான் பார்க்க முடிவது) கீழே போய் 3/60 வரை இருந்தால் குறைபார்வை, அதற்கும் கீழே பார்வையின்மை. சான்றிதழுக்கு இது சரி. முன்மாதிரி செய்பவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி, எப்போதிலிருந்து என்பது. பிறவியிலேயே பார்வையில்லாதவருக்கு விரல்தான் கண். புதுப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் தடவி அரை நிமிடத்தில் வரைபடம் போட்டுக்கொள்வார். அறுபது வயதில் சர்க்கரையால் பார்வை போனவருக்கு அந்தப் பழக்கம் இராது, பிரெய்லும் தெரிந்திருக்காது. அதே சர்க்கரை விரல் நுனியின் உணர்ச்சியையும் குறைத்திருக்கலாம். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கை என்றால் இன்னொரு அடுக்கு தடிப்பு. இவர்களை எல்லாம் "பார்வையற்றோர்" என்று ஒரே பட்டியலில் போட்டு ஐந்து பேரைக் கூப்பிட்டால், ஐந்து வெவ்வேறு கேள்விக்கு ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கும். ஒரு சுற்றுக்கு ஐந்தாறு பேர் போதும், ஆனால் ஒரே வகையினராக இருக்க வேண்டும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு நாமே செய்து பார்த்தால் ஆகாதா என்ற யோசனை எல்லோருக்கும் வரும். பெட்டியில் ஏதாவது குத்துகிறதா, பொத்தான் ஆடுகிறதா என்று சரிபார்க்க அது உதவும். அதற்கு மேல் உதவாது. கண்ணைக் கட்டிய முதல் பத்து நிமிடத்தில் தெரிவது திடீரென்று பார்வை போனவரின் தடுமாற்றம். முப்பது வருடமாகப் பார்வையின்றிப் பம்புசெட் ஓட்டுகிறவரின் திறமை அதில் துளியும் தெரியாது.

பம்புசெட் கொட்டகை

காவிரி டெல்டாவில் பில்டர் பாயிண்ட் (அதிக ஆழமில்லாத குழாய்க் கிணறு) வைத்து இறைக்கும் எவரையும் கேட்டால் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே உள்ள மூன்று விளக்கைச் சொல்வார்கள்: சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்றும் எரிந்தால் மும்முனை மின்சாரம், அதாவது மூணு பேஸும், வந்துவிட்டது, மோட்டாரைப் போடலாம். இரண்டுதான் எரிகிறது என்றால் தொடக் கூடாது. அப்படியே போட்டால் மோட்டார் சுற்றாமல் உறுமும், சூடேறும், காயில் கருகும். தகவல் முழுக்கக் கண் வழியாக. மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகு தகவல் காதுக்கு மாறிவிடும். தண்ணீர் இழுக்கிறதா, காற்று வாங்குகிறதா என்பதைத் தொட்டியில் விழும் சத்தத்தை வைத்தே வரப்பிலிருந்து சொல்லிவிடுவார்கள். பார்வையில்லாத விவசாயிக்கு முதல் பாதி சிக்கல், காது கேளாத விவசாயிக்கு இரண்டாம் பாதி. ஒரே கொட்டகையில் இரண்டு ஆராய்ச்சி இருப்பதால் எடுத்துக்காட்டாக இதையே வைத்துக்கொள்வோம்.

எதையும் செய்வதற்கு முன்னால், இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டுக் கேட்பவர் உண்டு. போட்ட ஒரு விநாடிக்குள் உறுமலை வைத்துக் கண்டுபிடித்து அணைப்பவரும் உண்டு. போனுக்கு அழைத்துச் சொல்லும் மொபைல் ஸ்டார்ட்டர் கடைகளிலேயே கிடைக்கிறது. அதையே முதல் முன்மாதிரியாக வைத்துச் சோதிக்கலாம். ஏற்கெனவே உள்ளது ஏன் போதவில்லை என்று தெரியாமல் புதிதாக ஒன்று செய்வது வீண்வேலை.

முதல் சுற்று அட்டைப்பெட்டி. 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள அட்டையில் நிஜ ஸ்டார்ட்டரின் அளவிலேயே பெட்டி செய்து, நிஜ ஸ்டார்ட்டர் இருக்கும் உயரத்திலேயே சுவரில் மாட்ட வேண்டும். மேசைமேல் வைத்தால் கை வேறு கோணத்தில் வரும், முடிவு பொய்யாகிவிடும். பொத்தான்களுக்குச் சைக்கிள் டியூப், ஈவா என்னும் மெத்தென்ற ஃபோம், பாட்டில் மூடி எல்லாம் போதும். இங்கே புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு, ஸ்டார்ட் பொத்தானை எடுப்பாகவும் ஸ்டாப்பைத் தட்டையாகவும் வைப்பது. தொழிற்சாலைப் பெட்டிகளில் இது தலைகீழ்: ஸ்டார்ட், தெரியாமல் கை பட்டு ஓடிவிடாதபடி விளிம்போடு விளிம்பாக இருக்கும், ஸ்டாப், அவசரத்தில் உள்ளங்கையால் அடித்தாலும் நிற்கும்படி துருத்திக்கொண்டிருக்கும். வடிவ வேறுபாட்டோடு இடைவெளியையும் பார்க்க வேண்டும். இரண்டு பொத்தானுக்கும் நடுவே இரண்டு விரல் அகலமாவது விட்டால்தான் தடவும்போதே தவறுதலாக அழுந்தாது.

விரலுக்குத் தட்டுப்படும் கோட்டை ஃபெவிகாலால் போட்டு மேடாக்கலாம் என்று தோன்றும். ஈரம் ஆவியானதும் அந்தக் கோடு அமுங்கிவிடும். ஈரமாக இருக்கையில் பார்த்த உயரத்தை நம்பக் கூடாது. சணல் நூலை ஒட்டி அதன்மேல் பூசினால் நிற்கும். புள்ளி வேண்டுமானால் ஸ்டிக்கர் பொட்டு அருமையான சாமான், இவ்வளவு மலிவான பொருள்களில் இவ்வளவு ஒழுங்கான வட்டம் வேறு எதிலும் கிடைக்காது. வேர்த்த விரல் நாலு முறை தேய்த்தால் உரிந்துவிடும் என்பதுதான் குறை. ஆளுக்கொரு புதுப் பொட்டு அட்டை வைத்துக்கொள்ளவும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அட்டைப்பெட்டி ஊறிப் பொத்தான் பள்ளமாகிவிடும். அந்த மாதங்களில் பிளாஸ்டிக் சுவிட்ச் பெட்டிக்கு மாறுவது நல்லது.

பிரெய்ல் ஒட்டுவதென்றால்

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. பிரெய்லின் ஒரு கட்டத்தில் ஆறு புள்ளி. புள்ளிக்குப் புள்ளி சுமார் 2.5 மில்லிமீட்டர், கட்டத்துக்குக் கட்டம் சுமார் 6, வரிக்கு வரி சுமார் 10, உயரம் சுமார் 0.5. விரல் நுனி ஒரே தொடலில் ஒரு கட்டத்தைப் படிக்கும்படி அமைந்த அளவு இது. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று பெரிதாக்கினால் படிக்க முடியாது.

தமிழ் பிரெய்ல், பாரதி பிரெய்ல் முறையைச் சேர்ந்தது. அச்சில் மெய்யெழுத்தின் தலைமேல் உட்காரும் புள்ளி, இங்கே மெய்க்கு முன்னால் தனிக் கட்டமாக வரும். கொம்பு, கால் எல்லாம் கிடையாது. மெய்யை அடுத்து உயிர் வரும். "நிறுத்து" என்று எழுத வேண்டும் என்று வையுங்கள். அச்சில் நாலு எழுத்து. பிரெய்லில் ந, இ, ற, உ, புள்ளி, த, த, உ என்று எட்டுக் கட்டம். எட்டை ஆறால் பெருக்கினால் 48 மில்லிமீட்டர். அச்செழுத்தை எண்ணி 25 மில்லிமீட்டரில் தகடு வெட்டினவர் பாதிச் சொல்லோடு நிற்பார். ஆங்கிலப் பட்டியலை வைத்து மாற்றித் தரும் கருவிகள் வேறு குழப்பும். ஒட்டுவதற்கு முன் தமிழ் பிரெய்ல் படிக்கிற ஒருவரிடம் காட்டிவிட வேண்டும். முப்பரிமாண அச்சில் எடுப்பதானால் தகட்டைப் படுக்கவைத்து அச்சிடாமல் நிமிர்த்திவைத்து அச்சிடுங்கள். படுத்திருந்தால் புள்ளியின் முனை படிப்படியாக வெட்டியதுபோல் சொரசொரப்பாகும், வேகமாகப் படிப்பவரின் விரல் கொஞ்ச நேரத்திலேயே எரியும்.

குறைபார்வை உள்ளவருக்குப் பிரெய்லைவிடப் பெரிய எழுத்துதான் பயன். திரைகளுக்கான உலக வழிகாட்டி நெறிகள் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன. வயலில் அதை அளக்கக் கருவி தேட வேண்டாம். போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால், சாம்பல் பெட்டிமேல் சிவப்பு எழுத்து காணாமல் போவது தெரிந்துவிடும். பளபளக்கும் ஸ்டிக்கர் உச்சி வெயிலில் வெறும் கண்ணாடிதான். கண்புரை உள்ளவருக்கு அந்த வெளிச்சம் பார்வை முழுக்கச் சிதறும். ஒரே லேபிளை நண்பகலிலும் விளக்கு வைக்கும் நேரத்திலும் காட்டிப் பார்ப்பது நல்லது.

பொம்மலாட்ட முறை

இரண்டாம் சுற்றில் பெட்டி பேச வேண்டும். சர்க்யூட் எதுவும் இல்லாமலே பேசவைக்கலாம். பெட்டிக்குள் ஒரு சின்ன ஒலிபெருக்கி. தடுப்புக்கு அந்தப்புறம் போனோடு ஒருவர். விவசாயி பொத்தானை அழுத்தியதும் உள்ளிருப்பவர் "மூணு பேஸும் வந்திருக்கு" அல்லது "ஒரு பேஸ் இல்லை, போடாதீங்க" என்ற பதிவை ஓடவிடுவார். கயிறு பிடிப்பவர் திரைக்குப் பின்னால் இருப்பதால் இதைப் பொம்மலாட்ட முறை என்றே சொல்லலாம்.

கெடுவது மூன்று வழியில். உள்ளிருப்பவர் மனிதர் என்பதால் எந்திரத்தைவிடப் புத்திசாலித்தனமாக நடந்துகொள்வார். விவசாயி தயங்கினால் இரக்கப்பட்டு இன்னொரு முறை ஓடவிடுவார். எந்தப் பொத்தானுக்கு எந்தப் பதிவு, எத்தனை முறை என்று முன்கூட்டியே தாளில் எழுதி, அதை மீறாமல் இயக்க வேண்டும். அடுத்தது தாமதம். புளூடூத் ஒலிபெருக்கி கொஞ்சம் தூங்கி எழுந்துதான் பேசும், அதற்குள் அவர் மறுபடியும் அழுத்திவிடுவார். கம்பி வழியாக இணைப்பதே மேல். மூன்றாவது, பார்வையற்றவரின் காது. தடுப்புக்குப் பின்னால் போன் திரையை நகம் தட்டும் சத்தம் அவருக்குக் கேட்கும், ஆள் இருப்பது தெரிந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் உள்ளே ஆள் இருந்ததைச் சொல்லிவிடுவது மரியாதை.

அமைதியான அறையில் தெளிவாகக் கேட்ட குரல் பக்கத்து வயலில் டீசல் எஞ்சின் ஓடும்போது கேட்காது. எஞ்சின் சத்தத்தை முன்பே பதிந்து, சோதனையின்போது ஓடவிட்டுப் பார்க்கவும். சில சமயம் நீண்ட வாக்கியத்தைவிட மூன்று "டிக்" ஒலி எடுபடும்.

அதிரும் பட்டை

காது கேளாதவருக்குத் தண்ணீர் நின்றதைச் சொல்ல விளக்கு ஒரு வழி. அவர் வயலில் குனிந்து நிற்கையில் கொட்டகை விளக்கைப் பார்க்கமாட்டார் என்பதால், கையில் கட்டும் அதிர்வுப் பட்டை இன்னொரு வழி. பழைய போனில் இருக்கும் நாணயம் போன்ற 10 மில்லிமீட்டர் மோட்டார், 3 வோல்ட்டில் ஓடும். அர்டுயினோ என்னும் சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையின் காலில் (இணைப்பு முனையில்) இதை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. மோட்டார் 60 முதல் 80 மில்லிஆம்பியர் வரை இழுக்கும், கால் தாங்குவது அதிகபட்சம் 40. நடுவே ஒரு 2என்2222 டிரான்சிஸ்டர், அதன் 'பேஸ்' (base) காலில் 1 கிலோஓம் ரெசிஸ்டர், மோட்டாருக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டையோடு. டையோடை விட்டுவிட்டால் மோட்டார் நிற்கும் கணத்தில் எழும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைத் தின்றுவிடும்.

ஒரு துடிப்பு, இரண்டு துடிப்பு, மூன்று துடிப்பு என்று பொருள் பிரிக்கலாம். ஒவ்வொன்றும் 200 மில்லிவிநாடி, இடையே 200 இடைவெளி என்று தொடங்குங்கள். இடைவெளியை 50-க்குக் குறைத்தால் மோட்டார் நின்று தொடங்கவே நேரமில்லாமல் எல்லாம் சேர்ந்து ஒரே உறுமலாகிவிடும். இரண்டு மோட்டாரை முன்கையில் வைத்து "இது இடது, அது வலது" என்று காட்ட நினைத்தால், இரண்டுக்கும் நடுவே 6 சென்டிமீட்டராவது வேண்டும். விரல் நுனி 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியையே பிரித்து உணரும், முன்கைத் தோலுக்கு 4 சென்டிமீட்டர் அளவில் தேவைப்படும். உட்கார்ந்திருக்கும்போது துல்லியமாக உணரப்பட்ட துடிப்பு, மண்வெட்டி போடும்போது உணரப்படாமலே போகலாம். அசையும் கைக்குத் தொடுவுணர்ச்சி மட்டுப்படும். எனவே நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த முடிவை அப்படியே நம்பக் கூடாது.

முன்மாதிரி எதுவாக இருந்தாலும் 5 வோல்ட் பேட்டரியோடு நிற்கட்டும். 415 வோல்ட் ஓடும் பெட்டிக்குள் கைவைப்பது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. ஆராய்ச்சியாளருக்கு அங்கே வேலையில்லை.

அமர்வு நடக்கும் விதம்

பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுத்துப் பெட்டிமேல் வைக்காதீர்கள். "ஐயா, பெட்டி உங்களுக்கு நேரா சுவத்துல, நெஞ்சு உயரத்துல இருக்குங்க" என்று சொன்னால் அவரே தொடுவார். வழிகாட்டத் தேவைப்பட்டால் உங்கள் கையைக் கீழே வைத்து அவர் கை அதன்மேல் இருக்கட்டும். வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்ள அவருக்கு வசதி. முதல் இரண்டு நிமிடம் கேள்வியே வேண்டாம், தடவிப் பார்க்கட்டும்.

செய்துகொண்டே மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்வது வடிவமைப்பு ஆராய்ச்சியின் பழைய வழக்கம். இங்கே அது உதவாது. பெட்டி பேசும்போது அவரும் பேசினால் இரண்டும் மோதும். காது கேளாதவர் நிலை இன்னும் சிக்கல்: சைகை மொழிக்கும் கை வேண்டும், பெட்டிக்கும் கை வேண்டும். உரைபெயர்ப்பாளரைப் பார்த்தால் பெட்டியைப் பார்க்க முடியாது. ஒரு சின்ன வேலை முடிந்ததும் நிறுத்திக் கேட்பது, அல்லது கைகளை மட்டும் வீடியோ எடுத்துப் பிறகு போட்டுக்காட்டிக் கேட்பது, இரண்டில் ஒன்று. உரைபெயர்ப்பாளர் உங்கள் பக்கத்தில், சன்னலுக்கு முதுகு காட்டாமல் உட்கார வேண்டும். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் அவர் முகம் இருட்டாகி முகக்குறிப்பு தெரியாது, சைகை மொழி இலக்கணத்தின் ஒரு பகுதி முகத்தில்தான். பிறவியிலேயே காது கேளாத பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. அச்சடித்த கேள்வித்தாளை நீட்டினால் ஊகித்து டிக் போடுவார்கள். தலையாட்டல் பல நேரம் "கவனிக்கிறேன்" என்ற பொருளில்தான் வரும், அதைச் சம்மதமாக எழுதிவிடாதீர்கள்.

கூட வந்த மகனோ மருமகளோ "அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாதுங்க, நான் சொல்றேன்" என்று முந்திக்கொள்வார்கள். அவர்கள் கையிலும் ஒரு பெட்டியைக் கொடுத்துத் திண்ணையில் உட்காரவைத்து, அவர்கள் கருத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். நம் பக்கத்து மரியாதையும் ஒரு தடைதான்: வீடு தேடி வந்தவர் செய்ததைக் குறை சொல்லமாட்டார்கள். "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்பதோடு முடிந்துவிடும். ஒரே பெட்டியைக் கொண்டுபோகாமல் மூன்றைக் கொண்டுபோய், "இதுல ஒண்ணைத் தூக்கிப் போடணும், எதைப் போடலாம் ஐயா?" என்று கேட்டால் வாய் திறக்கும்.

அன்றைய கூலியையும் துணைக்கு வந்தவரின் பஸ் காசையும் கொடுத்துவிட வேண்டும். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து தண்ணீர் வரும் சமயத்திலும், தை அறுப்பிலும் யாரையும் கூப்பிடாதீர்கள், வரமாட்டார்கள். வந்தாலும் மனது வயலில் இருக்கும்.

குறிப்பெடுக்க வேண்டியவை: சரியான பொத்தானைத் தொட எத்தனை விநாடி, எத்தனை தவறான அழுத்தம், கை எங்கே தொடங்கி எந்த வழியாகப் போனது. கை போன வழியை ஒரு பெட்டிப் படத்தின்மேல் பென்சிலால் கோடாகப் போட்டுவைத்தால், ஆறு பேரின் கோடுகளும் ஒரே மூலையில் தடுமாறுவது தெரியும். அந்த மூலையில் பெரும்பாலும் பசைக்கட்டியோ திருகாணியின் தலையோதான் இருக்கும்.

கடைசிச் சுற்றில் பெட்டியைக் கொட்டகையிலேயே ஒரு வாரம் விட்டுவிட்டு வரலாம். திரும்பப் போகும்போது முன்பு வந்தவர்களோடு புதிதாக இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். பழையவர்களுக்கு உங்கள் பெட்டி பழகியிருக்கும். எந்தப் பொத்தானின் விளிம்பு வழவழப்பாகியிருக்கிறது, எந்தப் பொட்டு உரிந்திருக்கிறது என்று விரலால் பாருங்கள். ஒலிபெருக்கியின் துளையைக் குளவி மண்வைத்து அடைத்திருந்தால், அடுத்த பெட்டியில் துளைக்கு உட்பக்கமாகக் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம்.